குழாயும் மரையும்: டக் மெக்கில்ராய், மென்பொருள் மறுபயன்பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டக் மெக்கில்ராய் யார்? மறுபயன்பாடு என்றதும் அவர் பெயர் ஏன் வருகிறது?

மால்கம் டக்ளஸ் மெக்கில்ராய் 1932-இல் பிறந்த அமெரிக்கக் கணிதவியலாளர், பொறியாளர், நிரலாளர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் படித்து, 1959-இல் எம்.ஐ.டி.யில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1997-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். 1965 முதல் 1986 வரை கணிப்பு நுட்ப ஆராய்ச்சித் துறைக்குத் தலைவர். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தை உருவாக்கியது அந்தத் துறையில் இருந்தபடிதான்.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் திரும்ப எழுதாமல் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதை அவர் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு வழிகளில் முன்வைத்தார். முதல் வழி ஒரு மாநாட்டில் வாசித்த உரை. இரண்டாவது, யூனிக்ஸில் இன்றும் நாம் நாள்தோறும் தட்டும் செங்குத்துக் கோடு, அதாவது ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு உள்ளீடாக அனுப்பும் ‘குழாய்’. உலகம் முதலாவதைப் பாராட்டியது, இரண்டாவதைப் பயன்படுத்தியது. இரண்டாவதுதான் மறுபயன்பாட்டின் சரியான இடத்தைத் தொட்டது என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

அவருக்கு முன்பு நிரல்களை யாரும் மறுபடி பயன்படுத்தவில்லையா?

பயன்படுத்தினார்கள். கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியவர் எடுத்து, படியெடுத்துத் தன் நிரலோடு சேர்த்துக்கொள்வார். அமெரிக்காவில் ஐபிஎம் கணினி வாங்கியவர்கள் 1955-இல் ‘ஷேர்’ என்ற குழுவை அமைத்து நிரல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். மெக்கில்ராயே 1960-இல் மேக்ரோக்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த வகையைச் சேர்ந்ததுதான்: ஒரு வடிவத்தை ஒருமுறை எழுதி, தேவைக்கேற்ப விவரங்களை நிரப்பி, பல நிரல் துண்டுகளாக விரித்துக்கொள்வது.

1968-ஆம் ஆண்டு உரையில் அவர் சொன்னது என்ன?

நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு, மென்பொருள் பொறியியல் என்ற தலைப்பில் ஒரு மாநாட்டை 1968 அக்டோபர் 7 முதல் 11 வரை ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூட்டியது. பெரிய மென்பொருள்கள் காலத்தில் முடிவதில்லை, முடிந்தாலும் சரியாக ஓடுவதில்லை என்ற கவலை அங்கே பரவலாகப் பேசப்பட்டது. மெக்கில்ராயின் உரை, பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் மென்பொருள் கூறுகளைப் பற்றியது.

வன்பொருள்காரர்கள் பக்கத்தில் நிற்கும்போது நாம் குடிசைத் தொழில் செய்பவர்களைப் போல் இருக்கிறோம் என்பது அவர் வைத்த குறை. மின்னணுச் சுற்று அமைப்பவர் தடையத்தைத் தானே செய்வதில்லை. விலைப்பட்டியலைப் புரட்டி, வேண்டிய மதிப்பும் தாங்குதிறனும் கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். மென்பொருளுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. அதை அச்சிடக்கூடிய உபதொழிலும் இல்லை. அந்தத் தொழில் வர வேண்டும், அது விற்கும் கூறுகள் துல்லியம், வேகம், பிழை தாங்கும் திறன் என்ற அளவுகோல்களின்படி குடும்பம் குடும்பமாக இருக்க வேண்டும் என்றார். எண்சார் கணக்கீடு, உள்ளீட்டு வெளியீட்டு மாற்றம், வடிவியல், உரை கையாளுதல், நினைவக ஒதுக்கீடு ஆகியவற்றைத் தொடங்கத் தகுந்த துறைகளாகக் காட்டினார். பொதுவான ஒரு கூறை வாங்கியதற்காக, வாங்கியவர் தனக்குத் தேவையில்லாத பொதுத்தன்மையின் சுமையைச் சுமக்கக் கூடாது என்பது அவர் வைத்த முக்கிய நிபந்தனை. இன்று ஒரு சிறிய வலைப்பக்கத்துக்காக நூற்றுக்கணக்கான ஆயத்த நிரல் பொதிகளை இறக்கிக்கொண்டு காத்திருக்கும் நமக்கு அந்த நிபந்தனை நன்றாகவே உறைக்கும்.

முந்நூறு சைன் நிரல்கள் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

குடும்பம் என்று எதைச் சொல்கிறார் என்பதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் சைன் சார்பு. துல்லியத்துக்குப் பத்து நிலைகள். எண்ணைக் குறிக்கும் முறைக்கு, மிதக்கும் புள்ளியா நிலைப்புள்ளியா என்று, இரண்டு. உள்ளே வரும் கோணத்தின் வீச்சுக்கு ஐந்து. தவறான உள்ளீடு வந்தால் நடந்துகொள்ளும் விதத்துக்கு மூன்று. பெருக்கினால் 300 வருகிறது. அதற்குப் பிறகும் அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடும் வகை, ஓடும்போதே துல்லியத்தை மாற்றிக்கொள்ளும் வகை என்று பட்டியல் நீள்கிறது. இத்தனையையும் கையால் எழுத முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஓர் இயந்திரத்தைப் போல நிரலே நிரலை உருவாக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். மேக்ரோக்களில் ஊறியவருக்கு அது இயல்பான சிந்தனை.

இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு ஐயம் எழும். சைனுக்கு உள்ளீடு ஓர் எண், வெளியீடு ஓர் எண். அதை எங்கே பொருத்துவது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. கூறுகளில் பெரும்பாலானவை அவ்வளவு சாதுவானவை அல்ல.

அந்தக் கூறுச் சந்தை உருவாயிற்றா?

அவர் சொன்ன வடிவில் உருவாகவில்லை. ஒரு காரணம், அன்று மென்பொருளுக்கென்று தனிச் சந்தையே அநேகமாக இல்லை. கணினியை வாங்கினால் மென்பொருள் கூடவே வந்தது. ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்ததே 1969 ஜூன் மாதத்தில்தான். இன்னொரு செய்தி சற்று வேடிக்கையானது. பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, ஏகபோக வழக்கொன்றில் 1956-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தொலைபேசிச் சேவைக்கு வெளியே வணிகம் செய்ய முடியாத நிலையில் இருந்தது. மென்பொருள் கூறுகளை விற்கும் தொழில் வேண்டும் என்று மேடையேறிச் சொன்னவர், அத்தொழிலில் இறங்கவே முடியாத ஒரு நிறுவனத்தின் ஊழியர். பின்னாளில் யூனிக்ஸ் மூலநிரலோடு குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றதற்கும் அதே உடன்பாடு ஒரு காரணம்.

கணித நிரல் நூலகங்கள் மட்டும் அவர் விரும்பியதை ஒட்டி வளர்ந்தன. பிரிட்டனின் நாக், ஹூஸ்டனில் தொடங்கிய ஐஎம்எஸ்எல் ஆகிய இரண்டும் 1970-இல் பிறந்தவை. இரண்டும் எண்சார் கணக்கீட்டைச் சேர்ந்தவை, அதாவது பொருத்துவதில் குழப்பம் இல்லாத துறை.

தோட்டக் குழாய் உவமை எங்கிருந்து வந்தது?

கார்மிஷ் உரைக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1964 அக்டோபர் 11 தேதியிட்டு ஆய்வகத்துக்குள் அவர் எழுதிய ஒரு குறிப்பில் அது இருக்கிறது. தரவை இன்னொரு விதமாகப் பதப்படுத்த வேண்டியிருந்தால், தோட்டத்துக் குழாயில் இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பது போல நிரல்களை இணைக்க ஒரு வழி வேண்டும் என்பது அதன் சாரம். யூனிக்ஸ் தோன்ற இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

நம் ஊர் வன்பொருள் கடைக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அரை அங்குலக் குழாய், எல்போ, டீ, கப்ளிங், டேப் என்று எத்தனை விதமான பொருள் இருந்தாலும், எந்த நிறுவனம் செய்திருந்தாலும், மரை ஒன்றாக இருப்பதால் ஒன்றோடொன்று சேரும். கடைக்காரர் முதலில் கேட்பது ‘எத்தனை இஞ்ச்’ என்பதைத்தான். மரை பொருந்தாவிட்டால் எவ்வளவு உயர்ந்த பித்தளைக் குழாயாக இருந்தாலும் வீட்டில் மூலையில்தான் கிடக்கும். 1968 உரை குழாய்த் துண்டுகளைப் பற்றியது. 1964 குறிப்பு மரையைப் பற்றியது.

குழாய் வசதி ஒரே இரவில் எழுதப்பட்டது என்பது உண்மையா?

எழுதியது ஓர் இரவில். கேட்டுக்கொண்டே இருந்தது பல ஆண்டுகள். 1970 முதல் மெக்கில்ராய் ஒவ்வொரு வடிவமாக முன்வைப்பதும் தாம்சன் தட்டிக்கழிப்பதுமாக இருந்தது. கடைசியில் ஷெல் என்ற, கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலின் கட்டளை வரியில் அழகாகப் பொருந்தும் ஒரு குறியீட்டு முறையைக் கொண்டுவந்தபோது, தாம்சன் ‘செய்துவிடுகிறேன்’ என்று உட்கார்ந்தார். 1973-இன் தொடக்கத்தில் வந்த யூனிக்ஸின் மூன்றாம் பதிப்பில் குழாய் இடம்பெற்றது. முதலில் வெளியீட்டைத் திருப்பிவிடும் அம்புக் குறியையே இதற்கும் பயன்படுத்தினார்கள். இப்போதுள்ள செங்குத்துக் கோடு சற்றுப் பின்னால் வந்தது.

அந்த இரவில் குழாயை மட்டும் அமைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அதுவரை பல நிரல்கள் ஒரு கோப்பின் பெயரைக் கேட்டு வாங்கித்தான் வேலை செய்தன. குழாய் வழியே வருவதைக் குடிக்க அவற்றுக்கு வாய் இல்லை. தாம்சன் அவற்றையும் திருத்தி, கோப்பின் பெயர் தராவிட்டால் உள்ளீட்டு ஓடையிலிருந்து படிக்கும்படி மாற்றினார். மறுநாள் ஆய்வகமே கட்டளைகளைக் கோத்துக் கோத்து ஒற்றை வரியில் வித்தை காட்டியதாக அங்கிருந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். துறைத் தலைவராக இருந்தும் மெக்கில்ராய் யாரையும் இதைச் செய் என்று ஆணையிடவில்லை. யூனிக்ஸ் விஷயத்தில் தான் அதிகாரத்தைச் செலுத்தும் அளவுக்கு நெருங்கியது இந்த ஓர் இடத்தில்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

குழாயை மறுபயன்பாடு என்று எப்படிச் சொல்வது? அது நிரல்களை இணைக்கும் வசதிதானே?

இந்தக் கேள்வி நியாயமானது. நூலகத்திலிருந்து ஒரு துணைநிரலை எடுக்கும்போது, அதை எழுதியவர் நம்மைப் போன்ற ஒரு பயனரை மனத்தில் வைத்து எழுதியிருப்பார். மொழி, தரவு வடிவம், அழைக்கும் முறை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். குழாயில் அப்படி இல்லை. வரிசைப்படுத்தும் நிரலை எழுதியவருக்கு அதன் வெளியீட்டை யார் வாங்கப்போகிறார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. வரி வரியாக எழுத்துகள் வரும், வரி வரியாக எழுத்துகள் போகும் என்பது மட்டுமே உடன்பாடு. 1978-இல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழ் யூனிக்ஸுக்காக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் மெக்கில்ராயும் உடன் எழுதியோரும் இதை வழிகாட்டு நெறியாகவே வைத்தார்கள்: ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையை நன்றாகச் செய்யட்டும், அதன் வெளியீடு இன்னும் எழுதப்படாத, யாரென்று தெரியாத ஒரு நிரலுக்கு உள்ளீடாகும் என்று எதிர்பார்த்து எழுதுங்கள்.

இதற்கு அவருடைய சொந்த நிரலே சாட்சி. இரண்டு கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டும் ‘டிஃப்’ நிரலை அவர் எழுதினார். அதன் படிமுறையை ஜேம்ஸ் ஹன்ட்டுடன் சேர்ந்து 1976-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டார். மனிதர் படிப்பதற்காக மட்டும் அது எழுதப்பட்டிருந்தால், எந்த வரி மாறியது என்று அழகாக அச்சிட்டுவிட்டு நின்றிருக்கும். மாறாக, அதன் வெளியீடு இன்னொரு நிரல் படிக்கும் அளவுக்கு ஒழுங்காக இருந்தது. 1985-இல் லாரி வால், அந்த வெளியீட்டை வாங்கிப் பழைய கோப்பில் மாற்றங்களைப் பூசும் ‘பேட்ச்’ நிரலை வெளியிட்டார். அதற்குப் பிறகு, ஒருவரை ஒருவர் பார்த்திராத நிரலாளர்கள் திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பி ஒரே மென்பொருளை வளர்க்க முடிந்தது.

டொனால்ட் நூத்துக்கும் அவருக்கும் நடந்த போட்டி என்ன?

போட்டி என்று சொல்வது சற்று மிகை. 1986-இல் ஜான் பென்ட்லி, ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் தாம் நடத்திவந்த பத்திக்காகக் கணினி அறிவியலாளர் நூத்திடம் ஒரு வேலையைக் கொடுத்தார்: ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு வரிசையாகக் காட்டும் நிரலை, நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே கட்டுரை போல எழுதும், நூத்தின் இலக்கிய நிரலாக்க முறையில் எழுதிக் காட்ட வேண்டும். நூத் பல பக்கங்களுக்கு, சொற்களைச் சேமிக்கப் புதிய தரவு அமைப்பு ஒன்றையும் சேர்த்து, எழுதித் தந்தார். அதை மதிப்பிட அழைக்கப்பட்டவர் மெக்கில்ராய்.

அவர் நிரலை ஆழ்ந்து படித்து, மனமாரப் பாராட்டி, சில குறைகளையும் சுட்டினார். பிறகு அதே வேலையை ஆறு கட்டளைகளில் செய்துகாட்டினார். முதல் கட்டளை எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரிமுறிவாக மாற்றும்; அதனால் வரிக்கு ஒரு சொல்லாகிவிடும். இரண்டாவது பெரிய எழுத்துகளைச் சிறியவையாக்கும். மூன்றாவது வரிசைப்படுத்தும், ஒரே சொற்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். நான்காவது அவற்றை ஒன்றாக்கி எண்ணிக்கையை முன்னால் எழுதும். ஐந்தாவது எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்கும். ஆறாவது கேட்ட அளவு வரிகளை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தும். இவற்றில் ஒன்றுகூட இந்த வேலைக்காக எழுதப்பட்டதல்ல.

இதை நூத்தின் தோல்வியாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவரிடம் கேட்கப்பட்டது நிரலாக்க முறையின் செயல்விளக்கம். அதை அவர் சிறப்பாகவே செய்தார். மெக்கில்ராயின் கேள்வி வேறு: இந்த வேலையை ஒருமுறை செய்தால் போதும் என்று நாளை காலை ஒருவர் வந்து நின்றால், கையில் இருப்பது என்ன?

அந்த ஆறு கட்டளைகளைத் தமிழ் உரையில் ஓட்டினால் என்ன ஆகும்?

ஆங்கிலத்துக்கு எழுதியபடியே ஒரு தமிழ்க் கட்டுரையை அதற்குள் விட்டால், ஒரு வெற்று வரியும் அதன் முன்னால் 1 என்ற எண்ணும் கிடைக்கும். முதல் கட்டளைக்கு ஆங்கில எழுத்துகள் மட்டுமே எழுத்துகள். அது தமிழ் எழுத்துகள் அனைத்தையும் வரிமுறிவாக்கி, தொடர்ந்து வரும் வரிமுறிவுகளை ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. கட்டுரை முழுவதும் ஒரு வெற்று வரிக்குள் அடங்கிவிடும்.

திருத்துவது எளிது. எவை எழுத்துகள் என்று சொல்வதை விட்டு, எவை பிரிப்பான்கள் என்று சொல்லிவிட வேண்டும்: இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலியன. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; அந்த மூன்றில் எதுவும் ஆங்கில எழுத்தின் பைட்டாகவோ காற்புள்ளியின் பைட்டாகவோ அமையாது. எனவே தமிழை அறியாத பழைய நிரலும் சொல்லைச் சிதைக்காமல் பிரித்துத் தரும். இந்தக் குறியாக்கத்தை 1992-இல் வகுத்தவர்கள் அதே ஆய்வகத்தின் கென் தாம்சனும் ராப் பைக்கும் என்பது தற்செயல் அல்ல. பழைய குழாய்களில் உலக மொழிகள் அனைத்தும் உடைபடாமல் ஓட வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாததால் இரண்டாவது கட்டளையை எடுத்துவிடலாம், ஐந்தே போதும்.

அதன் பிறகும் இரண்டு சிக்கல்கள் எஞ்சும். வளைந்த மேற்கோள் குறிகள் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். ‘அவர்’, ‘அவரை’, ‘அவருக்கு’, ‘அவரிடம்’ ஆகியவை தனித்தனிச் சொற்களாக எண்ணப்படும். இரண்டாவது சிக்கலுக்குக் குழாயில் இன்னொரு துண்டு வேண்டும்: வேற்றுமை உருபுகளைக் கழற்றிக் கொடுக்கும் ஒரு நிரல். அதை யாராவது எழுதினால், மற்ற ஐந்தையும் தொடாமல் நடுவில் திருகிக்கொள்ளலாம்.

மறுபயன்பாட்டால் கேடு விளைந்ததில்லையா?

விளைந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியான் 5 ராக்கெட், புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் வானில் சிதறியது. அதன் திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் மிதக்கும் புள்ளி எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், எண் கொள்ளாமல் வழிந்தது. ஏரியான் 4-இன் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால், அதுவும் அதே காரணத்தால் நின்றது. இன்னொரு கொடுமை, அந்தக் கணக்கீடு ஏரியான் 5-க்குப் புறப்பட்ட பிறகு தேவையே இல்லாதது. தேவையற்ற பொதுத்தன்மையின் சுமை பற்றிய 1968 நிபந்தனையை இங்கே ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

2016 மார்ச்சில் நடந்தது வேறு வகை. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் கிடங்கான என்பிஎம்மிலிருந்து, சொல்லின் இடப்பக்கத்தை நிரப்பும் 11 வரி நிரல் ஒன்றை அதை எழுதியவர் விலக்கிக்கொண்டார். அதைத் தாம் பயன்படுத்துவதையே அறியாத எண்ணற்ற திட்டங்கள் சில மணி நேரம் கட்டமைக்க முடியாமல் திணறின. முதல் நிகழ்வில் மரை பொருந்தியது, உள்ளே பாய்ந்த நீரின் அழுத்தம் வேறு. இரண்டாவதில் குழாயே வேறொருவர் தோட்டத்தில் இருந்தது. மெக்கில்ராய் கேட்ட விலைப்பட்டியலில் ஒவ்வொரு கூறுக்கும் உள்ளீட்டு வீச்சு ஒரு பத்தியாக இருந்தது. இன்று பொதிகளின் விவரக் குறிப்பில் பெரும்பாலும் நிறுவும் முறையும் ஒரு வண்ணப் பட்டையும்தான் இருக்கின்றன.

ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள டார்ட்மத் கல்லூரியில் வருகைநிலைப் பேராசிரியராகப் பணியாற்றினார். 2004-இல் யூசெனிக்ஸ் என்ற கணினியாளர் அமைப்பு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது; 2006-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விருதுகளைவிட எனக்குப் பிடித்தது, ஹாஸ்கெல் நிரல்மொழியில் அடுக்குத் தொடர்களைக் கையாள்வது பற்றி 1999-இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை. முடிவில்லாத ஒரு தொடரின் கெழுக்களை ஒவ்வொன்றாகப் பாயும் ஓடையாக அதில் அமைக்கிறார். கேட்பவர் கேட்கும் வரை ஓடை ஓடும். முப்பத்தோராண்டுகளுக்கு முன் 300 வகையாகப் பிரித்துக்காட்டிய சைன் அங்கே மறுபடி வருகிறது, இரண்டே வரிகளில்: சைன் என்பது கொசைனின் தொகையீடு, கொசைன் என்பது 1-இலிருந்து சைனின் தொகையீட்டைக் கழித்தது. ஒன்று மற்றொன்றுக்குள் பாய்ந்து, இரண்டின் கெழுக்களும் வந்துகொண்டே இருக்கும். எத்தனை உறுப்புகள் வேண்டும் என்பதை எடுத்துக்கொள்பவர் தீர்மானிக்கிறார்.